தம்பி அமுக்கிய பந்து

வலக்கைக்கு மணிக்கட்டில் வலி. "ஆபரேஷன் வேண்டாம். தினமும் இதை அமுக்கினால் போதும்," என்று பிசியோதெரபி அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வலக்கை இடக்கையைக் கூப்பிட்டது. "தம்பி, எனக்கு வலிக்குதுடா. இன்னைக்கு மட்டும் நீ அமுக்கு." மறுநாளும் இன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த மாதம் அந்த அம்மா இரண்டு கைகளையும் சோதித்தார். இடக்கை இரும்பாக இருந்தது. வலக்கை அமுக்கியும் பந்து கொஞ்சமும் அமுங்கவில்லை.

"பயிற்சி ஒருநாள்கூடத் தவறலை," என்று வலக்கை பந்தின் மேல் சத்தியம் செய்தது. அது பொய்யும் அல்ல.

"அப்படின்னா ஆபரேஷன்தான்," என்றார் அந்த அம்மா.

"தம்பி, அதுக்கும் நீயே..." என்று வலக்கை திரும்பியது.

தம்பி பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தான்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வலக்கை மெல்லப் பந்தை எடுத்தது.