கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால்

எதிரில் வந்தவன் விலகி அவனுக்கு வழிவிட்டான்.

தடுக்கி விழவில்லை. ஏமாறவும் இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பவனைப் போலக் கையை நீட்டி, போ என்றான்.

அவன் பந்தை மார்போடு அணைத்தபடி ஓடிக்கொண்டிருந்தான். முன்னால் வெறும் புல். இந்த சீசன் முழுவதும் அவன் இவ்வளவு புல்லைப் பார்த்ததில்லை. பந்து கைக்கு வந்த மறுநொடி நாலு பேர் மேலே விழுவார்கள். அவனுக்குத் தெரிந்த அமெரிக்கக் கால்பந்து அவ்வளவுதான்.

அடுத்த ஆளும் விலகினான். விலகியது போதாதென்று கையும் தட்டினான்.

அப்போதுதான் ஒலிபெருக்கி அவன் காதில் விழுந்தது.

"இந்த வருஷம் ஒரு புள்ளிகூட எடுக்காத நம் விருந்தாளிகளுக்குப் பலமாக ஒரு கைதட்டல்!"

கூட்டமே எழுந்து நின்று தட்டியது.

அன்று எதிரணியின் கல்லூரியில் பழைய மாணவர்கள் கூடும் திருவிழா. அந்த நாளில் சொந்த மண்ணில் தோற்க யாருக்கும் மனம் வராது. அதனால் தேடிப் பிடித்து, தோற்பதற்கென்றே ஓர் அணியைக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுத் திருவிழா என்றாலும் அவனுடைய சின்னக் கல்லூரியைத்தான் கூப்பிட்டார்கள். இவர்களும் வெட்கமில்லாமல் பஸ் ஏறிப் போனார்கள். அடி வாங்கினார்கள். கொடுத்த பீட்சாவைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

இது கடைசி ஆட்டம். ஐம்பத்திரண்டுக்குப் பூஜ்யம்.

சற்று முன் இரண்டு கோச்சுகளும் மைதான ஓரத்தில் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருந்தான். என்ன பேசினார்கள் என்பது இப்போது புரிந்தது. தன் கோச் பிச்சை கேட்டிருக்கிறார். அல்லது கேட்காமலேயே போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது அதிகக் கேவலம் என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை.

அந்த மனிதரை அவனுக்கு என்றுமே பிடித்ததில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் "உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எதில் பெருமை என்று ஒருவனும் கேட்டதில்லை. அணியும் அவருக்கேற்ற அணிதான். தோற்றுத் திரும்பும் பஸ்ஸிலேயே பாட்டுப் போட்டு ஆடுவார்கள்.

மைதானத்தின் கடைசிக் கோடு நெருங்கியது.

"ஓடுலே! நிக்காத, ஓடுலே!"

அப்பா. அந்தக் கூட்டத்தில் தமிழில் கத்தக்கூடிய ஒரே ஆள். "பந்தக் கையில தூக்கிட்டு ஓடுறதுக்குப் பேரு ஃபுட்பாலாலே?" என்று கேலி பேசிக்கொண்டே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். விலகி நின்றவர்களை அவர் கவனிக்கவில்லை. மகன் அத்தனை பேருக்கும் தண்ணி காட்டிவிட்டு ஓடுகிறான் என்றே நம்பினார். செல்போனைத் தலைக்கு மேல் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கே அது பாளையங்கோட்டைக்குப் போய்விடும். சித்தப்பாக்கள் பார்ப்பார்கள். அத்தைகள் சுற்றிப்போடச் சொல்வார்கள்.

இன்னும் ஓர் எட்டு வைத்துக் கோட்டைத் தாண்டினால் போதும். ஆறு புள்ளி. அவனுடைய முதல் ஆறு. அணிக்கு இந்த வருடத்தின் ஒரே ஆறு. அது அவனுக்கு வேண்டும். தூக்கத்தில்கூட அதைத்தான் கேட்டிருக்கிறான்.

அவன் நின்றான்.

ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான்.

முழங்கால் பட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பந்தும் அங்கேயே. கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால்.

கைதட்டல் பாதியில் நின்றது. அப்பாவின் குரலும் நின்றது.

முதலில் ஓடிவந்தவன் எதிரணிக்காரன் இல்லை. ப்ரெண்ட். அணித் தலைவன், நான்காம் வருடம். முன்வரிசையில் நின்று அவனுக்கு வழி திறந்துவிட வேண்டியவன். வருடம் முழுவதும் ஒரு சந்துகூடத் திறந்ததில்லை. ப்ரெண்ட் அவனுடைய ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்தான். அழுதுகொண்டிருந்தான்.

"நாலு வருஷம்டா. இன்னியோட எனக்கு முடிஞ்சுது. உன் ரோஷத்தக் காட்ட எங்க ஆறு புள்ளிதான் கெடைச்சுதா?"

தூக்கி எறிந்தது தன்னுடையதை மட்டும் அல்ல என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வருந்தினான். கொஞ்சம்தான்.

அந்தப் பக்கத்துக் கோச் தொப்பியைக் கழற்றி வீசினார். போட்ட பிச்சையைத் தட்டிவிட்டால் போட்டவனுக்கு வருமே ஒரு கோபம், அந்தக் கோபம். குளிருக்கு மேல்கோட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில் கதையடித்துக்கொண்டிருந்த பெரிய உடம்புக்காரர்களையெல்லாம் திரும்ப உள்ளே அனுப்பினார். அவர்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவன் அவனுடைய நிறத்தைச் சொல்லித் திட்டினான். இன்னொருவன் காலடியில் துப்பினான். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வருடம் முழுவதும் விருந்தாளியாக இருந்தவன், இப்போதுதான் எதிரியாகியிருக்கிறான்.

கடிகாரத்தில் இன்னும் ஒரே ஒரு முயற்சிக்கு நேரம் இருந்தது.

ப்ரெண்ட் அந்த உடம்புக்காரர்களைப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்தான். பிறகு வரிசையில் போய்க் குனிந்து, கையைப் புல்லில் ஊன்றினான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"என் முதுக ஒட்டியே வா."

பந்து அவன் வயிற்றில் வந்து இடித்தது. அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்புவரை இறங்கியது.

அவன் காலை எடுத்து முன்னால் வைத்தான்.