முப்பத்தெட்டு நெகட்டிவ்

"நாப்பது டெஸ்ட்ல முப்பத்தெட்டு நெகட்டிவ்! இதுக்கு எதுக்கு சிஸ்டர் இவ்வளவு விலை கொடுத்துக் கிட் வாங்கணும்?"

கணக்கு அதிகாரி பதிவேட்டை மேசையில் தட்டினார். பிரசவ வார்டு சிஸ்டருக்குச் சுருக்கென்றது. குறை மாதத்தில் வலி என்று வருகிறவளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டதா, இல்லையா என்று சொல்லும் டெஸ்ட் அது. அந்தக் கிட் இனிமேல் வாங்க வேண்டாம் என்று போன வாரம்தான் மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. இப்போது விசாரணை வேறா?

"நெகட்டிவ்னா வீண்னு அர்த்தமா சார்?"

"ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கவா காசு?"

"ஆமா சார், அதுக்குத்தான்!" சிஸ்டர் பொறுமையைக் கைவிட்டாள். "டெஸ்ட் இல்லேன்னா ஏழாம் மாசத்துல வலின்னு வர்ற ஒவ்வொருத்தியையும் ஆம்புலன்ஸ்ல ஏத்தி, மூணு மணி நேரம் தள்ளியிருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். கூடவே ஒரு நர்ஸ். அங்க நாலு நாள் பெட்டு. வீட்டுல மூத்த குழந்தை அம்மாவைக் காணோம்னு அழும். கடைசியில வெறும் சூட்டு வலின்னு திருப்பி அனுப்புவாங்க. அந்த நேரம் பார்த்து நிஜமாவே வலியெடுத்து ஒருத்தி வந்தா, இங்க ஆம்புலன்ஸும் இருக்காது, நர்ஸும் இருக்காது. யாரு சார் பதில் சொல்றது?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். "ஆம்புலன்ஸ் ஒரு தடவை போய் வர எவ்வளவு ஆகும்?"

சொன்னாள்.

"நாலு நாள் பெட்டுக்கு?"

அதையும் சொன்னாள். "என் மேல புகார் எழுதறீங்களா சார்?"

"ஐயோ, இல்ல சிஸ்டர். நாளைக்கு மீட்டிங். கிட்டை மறுபடியும் வாங்கணும்னு பேசப் போறேன். இப்ப நான் கேட்டதையெல்லாம் அங்க என்னைக் கேப்பாங்க. உங்க மாதிரி வெடுக்குனு பதில் சொல்ல எனக்கு வராது. அதான் சீண்டிப் பார்த்தேன்."

சிஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மேல் பாசம்கூட வந்தது. "நல்லா இருப்பீங்க சார். அது சரி, நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட அந்த மகானுபாவர் யாரு?"

அவர் அசட்டுச் சிரிப்போடு பேனாவை மூடினார்.

"நான்தான் சிஸ்டர். முந்தாநாள், மிச்சமிருந்த கடைசிக் கிட்ல பார்த்துட்டு, 'ஒண்ணும் இல்லம்மா, பயப்படாம வீட்டுக்குப் போ'ன்னு ஒரு பொண்ணை அனுப்பி வச்சீங்களே... அவ என் மக."