பாட்டே இல்லாத படம்

“பிடிச்ச நாவலை எடுத்துக்குங்க. அது படமா வந்திருந்தா, படத்தைப் பார்த்துட்டும் கதை சொல்லலாம்” என்று மர்ஜானா டீச்சர் சலுகை கொடுத்தார்.

மலேசியாவின் பாகான் செராய் பள்ளியில் படிவம் நான்கு படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? மறுவாரம் பாதி வகுப்பு படம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தது. நிஜமாகவே படித்துவிட்டு வந்த தினேஸ்வரிக்கு ‘லைப்ரரி பாட்டி’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டான் ஜாகிர்.

கடைசியாக எழுந்தான் ரூபன், பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

“நான் படம்தான் பார்த்தேன், டீச்சர்.”

ஆரம்பித்தான் பாருங்கள், வகுப்பே கப்சிப். ரப்பர் தோட்டத்தை விற்றபின் காலியான தொழிலாளர் லயத்தில் தனியாகத் தங்கிவிட்ட செல்லாயி, அவளை விட்டுப் போகாத நாய், அதன் மடங்கிய இடது காது என்று ஒன்று விடாமல் சொன்னான். ஜாகிரே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“யாரு நடிச்சிருக்கா?” என்று கேட்டார் டீச்சர்.

“எல்லாம் புதுமுகம், டீச்சர்.”

“பாட்டெல்லாம் எப்படி?”

“பாட்டே இல்ல, டீச்சர்.”

“மச்சான், லிங்க் அனுப்புலா!” என்றான் ஜாகிர்.

“அது... தூக்கிட்டாங்கலா.” ரூபனுக்கு வேர்த்துவிட்டது.

மணி அடித்தது. எல்லோரும் கெண்டீனுக்கு ஓட, டீச்சர் ரூபனை மட்டும் நிறுத்தினார்.

“அந்த நாவலை இன்னும் யாருமே படமா எடுக்கலையேப்பா!”

ரூபன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

“பயலுங்ககிட்ட சொல்லிடாதீங்க டீச்சர், மானம் போயிடும்.”

டீச்சர் பையிலிருந்து தலையணை தடிமனில் ஒரு நாவலை எடுத்து நீட்டினார்.

“இந்தா, அடுத்த படம். இதுலயும் பாட்டு இல்ல.”