இரட்டைச் சேலை

தணிகைவேல் அறைந்தால் மூன்றாம் தெருவில் நாய் குரைக்கும். மனைவி வசுமதியை அவன் தனியாக விட்ட ஒரே இடம், அவள் தோழி பிலோமியின் தையல் கடை. இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுற்றிக்கொண்டு போவாள். ஒன்றைக் கடையில் ஒரு பெட்டிக்குள் விட்டுவிட்டு வருவாள். அளவு நாடா பட்ட இடமெல்லாம் கன்றியிருக்கும். "அவன் கை அழுக," என்பாள் பிலோமி, ஊசியைப் பல்லில் கடித்தபடி. ஏழே மாதத்தில் பீரோ காலி. அன்று வசுமதி வெறுங்கையை வீசிக்கொண்டு போனாள். கடையிலிருந்த அந்தப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் கடைக்குள் பாய்ந்தான் தணிகைவேல். "எங்கடி அவ?"

பிலோமி நாடாவை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள்.

"அசையாதீங்கண்ணே. அவ அளவெல்லாம் எடுத்தாச்சு. உங்களது இது ஒண்ணுதான் பாக்கி."