வெக்ஸ்போர்ட் விலாசத்துக்கு ஒரு கடிதம்

தபாற்காரர் படியிறங்குமுன்பே வாகீசன் பாய்ந்துபோய்க் கடிதத்தை எடுத்தான்.

"பிரதீபாவின்ர கடிதமடா!"

ஒஷாவாவிலிருந்து வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு முதன்முறையாக வந்திருந்த நண்பன் கீதனுக்கு, மனைவியைப் பிரிந்திருக்கிறானே என்று பாவமாக இருந்தது. "மனுசி எப்பயடா கனடா வாறா?"

அறைக்குள்ளிருந்து கோட்டை மாட்டியபடி பிரதீபாவே ஓடிவந்தாள். "வந்திட்டுதோ? தபால் முத்திரை வடிவா விழுந்திருக்கோ?"

கீதன் வாயைப் பிளந்தான்.

"பில்லெல்லாம் வீட்டுச் சொந்தக்காரற்ற பேரில. பி.ஆருக்கு, அதுதான் நிரந்தர வதிவிடத்துக்கு, விலாச அத்தாட்சி வேணும். இந்த விலாசத்துக்கு என்ர பேரில வந்த என்வலப் எண்டாலும் காணுமெண்டு லோயர் சொன்னவர்," என்ற வாகீசன் ஆவலோடு அதைப் பிரித்தான். உள்ளே நாலு பக்கக் கடிதம்.

"என்வலப்தானே வேணும்? உள்ளுக்கு இவ்வளவு என்னத்துக்குத் தங்கச்சி?"

பிரதீபா சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவர் வேலையால வர நான் போறன், நான் வர அவர் போறார். வேற எப்பிடி அண்ணை கதைக்கிறது?"