ஒலிபெருக்கிக்குள் ஒரு குரல்

பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு விழா களைகட்டுகிறது. மேடையின் நீல வெளிச்சத்தில் நிற்கும் ஒலிபெருக்கி, தொண்டை அறுவை சிகிச்சையில் குரல் கம்மிப்போன அறிவிப்பாளரின் பழைய குரலிலேயே விருந்தினரை வரவேற்கிறது. கைதட்டல் அரங்கை அதிரவைக்கிறது. அந்தக் குரலை உருவாக்கிய மாணவர்கள் பழைய பதிவுகள் போதவில்லை என்று கேட்டபோது, வீட்டில் மகளைக் கொஞ்சியதையெல்லாம் கைப்பேசியிலிருந்து அள்ளிக் கொடுத்தவள், முன்வரிசையில் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் அந்த அறிவிப்பாளர்தான். இப்போது அந்த மகள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, "அம்மா!" என்று மேடைக்கு ஓடுகிறாள். "வாடி பட்டு, அம்மாகிட்ட வா," என்கிறது ஒலிபெருக்கி, யாரும் சொல்லித்தராமலேயே. அவள் பதறி எழுகிறாள். "பாப்பா, நான் இங்க இருக்கேன்டி!" அந்தக் கரகரப்பு பக்கத்து நாற்காலியைக்கூடத் தாண்டவில்லை. விழுந்தடித்து ஓடி மகளின் தோளைத் தொடுகிறாள். ஒலிபெருக்கியின் கறுப்பு வலையில் கன்னத்தைப் பதித்திருக்கும் குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் கையைத் தட்டிவிடுகிறது.

"உஷ்! அம்மா பேசுறாங்க."