பொட்டு வைத்த விளக்கு

பழைய லாரி ஒன்றில், எஞ்சின் ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று இருந்ததாம். ஆயுத பூஜையன்று டிரைவர் மாயழகு சரியாக அதன் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார்.

"பாத்தியாடி, இத்தனை பேர்ல எனக்குத்தான் பொட்டு!" என்றது அது.

"அக்கா, உன் முகமே மறைஞ்சு போச்சே. ஆயில் குறைஞ்சா அவருக்கு எப்படித் தெரியும்?" என்றது பக்கத்திலிருந்த பேட்டரி விளக்கு.

"போடி பொறாமைக்காரி."

மறுநாள் மலையேறும்போது ஆயில் ஒழுகிக் குறைந்தது. அக்கா விளக்கு உயிரைக் கொடுத்து எரிந்தது. சந்தனத்தின் ஓரத்தில் சிவப்பு கசிந்து பொட்டே ஜொலித்தது. அதைப் பார்த்த மாயழகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, நீ இருக்க எனக்கென்ன பயம்" என்று ஆக்சிலேட்டரை மிதித்தார்.

எஞ்சின் கடகடவென்று கதறி, இறுகி நின்றது.

"பாத்தியாடி," என்றது பொட்டு விளக்கு, "எஞ்சின்கூட நின்னு கும்பிடுது."